கேவர்ன் கிளப்: 18 படிகளுக்குக் கீழே காற்றும் சாக்கடையும் ஃபியூஸும்

லிவர்பூலின் மேத்யூ தெரு பேருக்குத்தான் தெரு, பார்த்தால் சந்துதான். 1950களில் இரண்டு பக்கமும் பழக் கிடங்குகள், பகல் முழுக்கச் சரக்கு லாரிகள், காலடியில் மிதிபட்டு அழுகிய காய்கறி. அதில் 10ஆம் எண் கிடங்குக்கு அடியில் இருந்த நிலவறைதான் கேவர்ன் கிளப். அதைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அங்கே வாசித்து வளர்ந்த பீட்டில்ஸ் குழுவில் ஆரம்பித்துப் பீட்டில்ஸிலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே எந்த இசை நுழைந்தது, எப்படி ஒலித்தது, யார் வந்து கேட்டார்கள், ஏன் இழுத்து மூடினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் பதில் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில்தான் கிடைக்கிறது. காற்று வர வழி கிடையாது. சாக்கடை இணைப்பு கிடையாது. ஏற இறங்க ஒரே படிக்கட்டு. மது விற்க உரிமம் இல்லை. இந்த நான்கையும் ஒதுக்கிவிட்டுச் சொன்னால் கேவர்ன் கதையில் பாதிதான் வரும்.

ஆரம்பித்தவர் ஆலன் சைட்னர், ஜாஸ் பைத்தியம். பாரிஸில் லே காவோ தெ லா உஷெத் என்று ஒரு நிலவறை ஜாஸ் கிளப் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதே மாதிரி ஒன்று சொந்த ஊரிலும் வேண்டும் என்று ஆசை. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிய இடமாக இருந்த இந்த நிலவறை கைக்கு வந்தது. 1957 ஜனவரி 16 இரவு திறப்பு. வாசித்தது மெர்சிசிப்பி ஜாஸ் பேண்ட். சுமார் 600 பேரை உள்ளே விட்டார்கள், அதைவிடப் பெரிய கூட்டம் தெருவிலேயே நின்றது.

உள் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்துதான். தெருவிலிருந்து 18 கல் படிகள் நேரே கீழே இறங்கும். கீழே அருகருகே மூன்று செங்கல் சுரங்கங்கள், மேற்கூரை வளைவாக. ஒவ்வொன்றும் சுமார் 100 அடி நீளம், 10 அடி அகலம். நடுவில் உள்ள தடித்த சுவர்களில் ஆங்காங்கே வளைவு வாசல்கள், ஒரு சுரங்கத்திலிருந்து அடுத்ததற்குப் போக. மேடை நடுச் சுரங்கத்தின் கோடியில். அதன் முன்னால் மர நாற்காலிகள் வரிசையாக. பக்கத்துச் சுரங்கங்களில் ஒன்றில் நுழைவும் கோட்டு வைக்கும் அறையும். மீதி இடத்தில் ஆட்டம். அந்தக் கோட்டு அறையில் பகுதி நேரமாக வேலை பார்த்த பெண்தான் பிற்பாடு சில்லா பிளாக் என்ற பாடகியாகப் பெயர் வாங்கினார். பக்கச் சுரங்கத்தில் ஆடுகிறவருக்குச் சத்தம் கேட்கும், பேண்ட் தெரியாது. தெரிய வேண்டுமானால் வளைவு வாசலில் இடித்துப் பிடித்து நிற்க வேண்டியதுதான்.

இப்படி ஓர் இடத்தில் ஒலி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரெதிரே இருக்கும் இரண்டு கெட்டியான சுவர்களுக்கு இடையே 10 அடி என்றால் சுமார் 56 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 56 அதிர்வு) அறை தானே அதிரும். பேஸ் கிட்டாரில் ஏ தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட ஊதிப் பெரிதாகக் கேட்கும். பக்க வாசல்கள் அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நீளவாக்கில் 100 அடி போய்த் திரும்பும் ஒலி 0.18 நொடி கழித்து வாசிப்பவர் காதில் விழும். காலி அறையில் ஒத்திகை பார்த்தால் இந்த எதிரொலி தாளத்தையே தடுமாற வைக்கும். ஆட்கள் நிறைந்ததும் உடம்பும் கம்பளிக் கோட்டும் மேல்ஸ்தாயி ஒலிகளை உறிஞ்சிவிடும், எதிரொலி அடங்கிவிடும், அடிநாதம் மட்டும் அப்படியே நிற்கும். கூட்டம் நிரம்பிய கேவர்ன் நெஞ்சில் இடிக்கிற இடமாக இருந்ததற்கு இதுதான் காரணம். கிளாரினெட்டும் பாஞ்சோவும் வைத்த பழைய பாணி ஜாஸுக்கு இந்த அறை சுமார் ரகம்தான். பேஸும் டிரம்ஸும் முன்னால் நிற்கிற இசைக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆனால் சைட்னர் ராக் அண்ட் ரோலைக் கிட்டவே சேர்க்கவில்லை. இடைவேளையில் ஸ்கிஃபிள் குழுக்களுக்கு மட்டும் இடம். துணி துவைக்கும் பலகை, தேநீர்ப் பெட்டியில் தந்தி கட்டிய பேஸ் என்று வரும் அந்தப் பையன்களை ஜாஸ் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1957 ஆகஸ்ட் 7 அன்று ஜான் லெனனின் குவாரிமென் குழு (பின்னாளில் பீட்டில்ஸ் ஆனது இதுதான்) மேடையேறி ராக் பாட்டுகளை இழுத்துவிட, அதை நிறுத்தச் சொல்லி சைட்னர் மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினார். குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி அன்றைக்கு வரவில்லை, சாரணர் முகாமில் இருந்தார்.

1959 அக்டோபரில் கிளப் கைமாறியது. வாங்கியவர் ரே மெக்ஃபால், சைட்னர் குடும்பத்தின் கணக்காளர். விலை 2,750 பவுண்டு. அவருக்கும் பிடித்தது ஜாஸ்தான். 1960 ஜனவரியில் நடந்த ஜாஸ் விழாவில் ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ் குழு ராக் வாசிக்க, ஜாஸ் கூட்டம் மேடை மேல் காசை விட்டெறிந்தது. மெக்ஃபால் தன் பங்குக்கு 6 ஷில்லிங் அபராதம் போட்டார். அந்தக் குழுவின் டிரம்மர், பின்னாளில் பீட்டில்ஸுக்குப் போன ரிங்கோ ஸ்டார். நாலு மாதம் கழித்து, 1960 மே 25 அன்று, அதே குழுவை அதே மெக்ஃபால் காசு கொடுத்துக் கூப்பிட்டு முதல் பீட் இசை (உள்ளூர்க் குழுக்களின் ராக்) இரவை நடத்தினார். மனம் மாறியது ரசனையாலா என்றால் இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத் தெரிந்த மனிதர். ஜாஸ் இரவுகளில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன.

மதிய வேளைக் கச்சேரிகள் இந்தக் கணக்கின் அருமையான பகுதி. நண்பகலிலிருந்து சுமார் 2 மணி வரை. சுற்றிலும் அலுவலகங்கள், கடைகள், தட்டச்சு வேலைக்கு வந்த பெண்கள், கடைப் பையன்கள். எல்லோருக்கும் ஒரு மணி நேர உணவு இடைவேளை. நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். 1961 பிப்ரவரி 9 மதியம் பீட்டில்ஸ் என்ற பெயரில் லெனனின் குழு முதன்முதலாக அங்கே வாசித்தபோது கூலி 5 பவுண்டு. அன்றைய நாணயத்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக 5 பவுண்டு என்பது 100 டிக்கெட். நூற்றொன்றாவது ஆள் படியிறங்கியதிலிருந்து வந்ததெல்லாம் வாடகை, மின்சாரம், ஆள் கூலி போக முதலாளிக்கு. 300 பேர் வந்தால் நல்ல வியாபாரம். மற்ற பல கிளப்கள் பகலில் பூட்டிக் கிடந்தபோது ஒரே வாடகையில் இரண்டு வேளை சம்பாதித்தார் மெக்ஃபால். குழுக்களுக்கும் இதில் லாபம் உண்டு: ஒரே நாளில் மதியம் ஒன்று, இரவு ஒன்று. பீட்டில்ஸ் அங்கே 292 முறை வாசித்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சற்றுக் குறைத்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. எதுவானாலும் இரண்டரை ஆண்டில் அந்த எண்ணிக்கை, மதியக் கச்சேரி இல்லாமல் சாத்தியமே இல்லை.

மது உரிமம் இல்லாததைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். உள்ளே கிடைத்தது கோலா, தேநீர், காபி, சூப், ரொட்டி. குடிக்க வேண்டுமென்றால் அதே தெருவில் இருந்த கிரேப்ஸ் மதுக்கடைக்குப் போக வேண்டும். இசைக்கலைஞர்கள் அங்கேதான் கிடந்தார்கள். மது இல்லை என்பதால் 15, 16 வயதுப் பிள்ளைகள் சட்டச் சிக்கலில்லாமல் உள்ளே வர முடிந்தது, வீட்டிலும் தடுக்கவில்லை. ராக் அண்ட் ரோல் கேட்கும் வயது அதுதானே. மறுபக்கம், மது விற்கும் கிளப்புக்கு டிக்கெட் காசு கைச்செலவு மாதிரி, லாபம் பாட்டிலில் வரும். கேவர்னுக்கு டிக்கெட்டே சாப்பாடு. குழுக்களின் கூலி ஏறாதவரை இது ஓடும். ஏறியதும் என்ன ஆகும் என்பதை 1963 காட்டியது.

அதற்கு முன் காற்று. நடனமாடும் ஒருவர் உடம்பிலிருந்து மணிக்கு 200 கிராமுக்கு மேல் நீர் ஆவியாகப் போகும். சும்மா உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து ஆளுக்கு 100 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு மணிக்கு 30 லிட்டர். இரண்டு பெரிய வாளித் தண்ணீர், ஒவ்வொரு மணி நேரமும், வெளியே போக வழியில்லாமல். மண்ணுக்கடியில் இருக்கும் செங்கல் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். சூடான ஈரக்காற்று அதில் பட்டதும் நீராக மாறி வழியும். சுவரில் மட்டுமல்ல, வளைவின் உச்சியில் திரண்டு தலையில் சொட்டும். சொட்டும்போது கூரைக்கு அடித்திருந்த வெள்ளைப் பூச்சையும் ஊறவைத்துச் செதில் செதிலாக உதிர்க்கும். தோளில் விழுந்த அந்த வெள்ளைத் துகளுக்கு அங்கே ‘கேவர்ன் பொடுகு’ என்றே பெயர். பூச்சு உதிரக் காரணம் மட்டமான வேலை இல்லை. பின்னாலிருந்து ஓதமும் முன்னாலிருந்து நீராவியும் தாக்குகிற சுவரில் எந்தப் பூச்சும் பிடித்து நிற்காது. மறுபடி மறுபடி வெள்ளையடிப்பது அடுத்த உதிர்வுக்குச் சரக்கு சேர்ப்பதுதான். இதோடு சிகரெட் புகை, மேலே கிடங்கிலிருந்து அழுகல் பழ வாடை, கழிப்பறையிலிருந்து வரும் நாற்றம், அதை அமுக்கத் தெளித்த கிருமிநாசினி. கேவர்ன் போய் வந்த பெண்ணை ஊரில் எந்தப் பேருந்திலும் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள்.

ஈரம் கருவிகளை என்ன செய்தது என்பது தனிக் கதை. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் எல்லாம் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள்; உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும். வால்வு மாட்டும் சாக்கெட்டிலும் இணைப்புகளிலும் தூசு படிந்து அதன் மேல் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடும்: முதலில் படபடவென்று சத்தம், பிறகு ஃபியூஸ் போகும், சில நேரம் மொத்த மேடையும் இருண்டுவிடும். ஃபியூஸ் மாற்றும் வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டியது பாடுகிறவர்கள் பொறுப்பு. பீட்டில்ஸ் அந்த இடைவெளியில் விளம்பரப் பாட்டுகளைப் பாடிக் கிண்டலடித்ததைப் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

பேஸ் கிட்டார் பாடு இன்னும் மோசம். கடையில் கிடைத்த ஆம்ப்கள் அதன் அடிநாதத்தைத் தாங்கவில்லை, ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிடும். பிக் த்ரீ குழுவின் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் பார்பர் இதற்குத் தானே வழி கண்டார்: 15 அங்குல ஸ்பீக்கரை ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் மரப்பெட்டியில் பொருத்தினார். உருவத்தைப் பார்த்து அதைச் சவப்பெட்டி என்றே அழைத்தார்கள். பீட்டில்ஸில் பேஸ் வாசித்த மெக்கார்ட்னிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். அதை ஓட்டியது வீட்டில் இசைத்தட்டு கேட்கப் பயன்படும் குவாட் 2 ஆம்ப், வெறும் 15 வாட். இன்றைக்குப் படுக்கையறையில் பழகும் ஆம்ப்கூட அதைவிடப் பெரியது. ஆனால் பெரிய ஸ்பீக்கரும் பெரிய பெட்டியும் 10 அடிச் சுரங்கமும் சேர்ந்தால் 15 வாட் தாராளம். 1962இல் பீட்டில்ஸுக்கு வாக்ஸ் ஏசி30 ஆம்ப் வந்தது, ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. அதை 18 படி இறக்கி, கூட்டத்துக்கு நடுவே தூக்கிப் போய், மதியம் முடிந்ததும் அதே வழியில் ஏற்ற வேண்டும். பீட்டில்ஸுக்குச் சாமான் தூக்கிய மால் எவன்ஸ் தபால் துறையில் தொலைபேசிப் பொறியாளர்; உணவு இடைவேளையில் இறங்கி வந்தவர், அங்கேயே வாசற்காவலராகி, அப்படியே குழுவோடு போய்விட்டார். ஆள் ஆஜானுபாகு. வேலைக்கு அதுதான் முதல் தகுதி.

மேடையில் ரெஸ்லோ ரிப்பன் மைக்குகள் இருந்தன. ரிப்பன் மைக் என்றால் காந்தத்துக்கு நடுவே தொங்கும் மெல்லிய அலுமினியத் தாள்தான் உயிர். முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. மேடைக்குப் பின்சுவர் சில அடி தூரத்தில் இருந்ததால் டிரம்ஸ் சத்தம் அதில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் நுழையும். குரலைக் கூட்டினால் கீச்சென்று ஊளையிடும். வழி ஒன்றே: உதடு படுகிற மாதிரி ஒட்டி நின்று பாடுவது. அப்படிப் பாடினால் மூச்சுக்காற்று பட்டு ரிப்பன் தொய்ந்துவிடும். கத்திப் பாடுவது அங்கே பாணி மட்டும் இல்லை, தேவையும்கூட.

கிட்டார் தந்தி சூட்டில் நீண்டு சுதி இறங்கும், வியர்வையில் துருவும். டிரம்ஸில் கன்றுத்தோல் போட்டிருந்தால் அரை மணியில் தோல் தொய்ந்து சத்தம் அடங்கிப்போகும். நல்லவேளையாக 1957இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி பிளாஸ்டிக் படல டிரம் தோலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஈரத்தை அது கண்டுகொள்ளாது. அது மட்டும் வராவிட்டால் நிலவறை கிளப்களில் டிரம்மர்கள் பாதி நேரம் திருகாணியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

பிற்பாடு பீட்டில்ஸின் மேலாளரான பிரையன் எப்ஸ்டீன் வந்தது 1961 நவம்பர் 9 மதியம். அவருடைய இசைத்தட்டுக் கடை நடந்து போகும் தூரம்தான். கோட்டு சூட்டோடு 18 படி இறங்கியவர் மேலே வந்தபோது குழுவை எடுத்துக்கொள்ளும் யோசனையோடு வந்தார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று கிரனாடா தொலைக்காட்சி படம் பிடிக்க வந்தது. ரிங்கோ பீட்டில்ஸில் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விளக்குகளின் சூடு வேறு. ஒலி சரியாக விழாமல் பின்னர் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. தொழில்முறை ஆட்களே அந்த அறையிடம் தோற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1963 ஆகஸ்ட் 3 பீட்டில்ஸின் கடைசிக் கேவர்ன் கச்சேரி. கூலி 300 பவுண்டு. கூட்டத்தை 500 பேரோடு நிறுத்த வேண்டும் என்பது எப்ஸ்டீனின் நிபந்தனை, டிக்கெட் சுமார் 10 ஷில்லிங். வசூல் 250 பவுண்டு. மற்றக் குழுக்களுக்கும் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டியது தனி. ஊரே வாசலில் நின்ற இரவில் கிளப்புக்கு நஷ்டம்! நிலவறையை அகலமாக்க முடியாது, டிக்கெட்டையும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, விற்க மதுவும் இல்லை. புகழ் பெற்ற குழுவை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த இடம் எந்நாளும் பெரியதாக இருந்ததில்லை. அதே நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து வாசித்தார்கள். உள்ளூர்க் குழுக்களில் பெயர் வாங்கியவர்கள் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மெக்ஃபால் 1964இல் பக்கத்துக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். கடன் ஏறியது. இந்த நேரத்தில் தலையெடுத்ததுதான் சாக்கடை. கழிப்பறைகள் நகரக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்படவே இல்லை, எல்லாம் அடியில் ஒரு குழியில் போய்ச் சேர்ந்தது. தெருக் குழாய் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலவறையிலிருந்து கழிவு தானாக மேலே ஏறாது. தொட்டி கட்டி, பம்ப் வைத்து, தரையைத் தோண்டிக் குழாய் போட வேண்டும். நாளுக்குச் சில நூறு பேர் வரும் இடத்தில் இது சின்ன மராமத்து இல்லை. சுகாதார அதிகாரிகள் செய்தே ஆக வேண்டும் என்றார்கள், செய்யப் பணமில்லை. 1966 பிப்ரவரி 28 அன்று அமீனாக்கள் வந்தபோது இரவு முழுதும் உள்ளே இருந்த ரசிகர்கள் படிக்கட்டில் நாற்காலிகளைக் குவித்து வழியை அடைத்தார்கள். ஒரே படிக்கட்டு என்பதால் அடைப்பது சுலபம். தீ பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அதே படிக்கட்டைப் பார்த்தால் புரியும்.

புது முதலாளிகள் செப்பனிட்டு, அதே ஆண்டு ஜூலை 23 அன்று பிரதமர் ஹரால்ட் வில்சனை அழைத்துத் திறந்தார்கள். ஓடியது, ஆனால் பழைய வேகம் இல்லை. 1970இல் குவீன் குழுகூட அங்கே வாசித்திருக்கிறது. 1973 மே 27 கடைசி இரவு. பூமிக்கடியில் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றுப்போக்கிக் குழாய் அமைக்க அந்த மனை தேவை என்று கிடங்கை இடித்து நிலவறையை நிரவினார்கள். குழாய் கட்டப்படவே இல்லை. இடம் வாகன நிறுத்தமாகக் கிடந்தது. கிளப் எதிர்ப் பக்கத்துக்கு நகர்ந்து கொஞ்ச காலம் ஓடியது. அந்த இடத்தில்தான் 1976இல் எரிக்ஸ் என்ற பங்க் ராக் இசை கிளப் வந்தது. தெருவின் இசைக் கதை அதோடு தொடர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1980இல் லெனன் கொல்லப்பட்ட பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 1982இல் தோண்டினார்கள். பழைய வளைவுகளை அப்படியே மீட்கலாம் என்று நம்பிக்கை இருந்தது. கட்டடக்கலைஞர் டேவிட் பேக்ஹவுஸ் பார்த்தபோது அவை பாரம் தாங்கும் நிலையில் இல்லை, இடித்தபோதே நொறுங்கியிருந்தன. செங்கல் வளைவு என்பது பக்கச் சுவர் கொடுக்கும் அழுத்தத்தில் நிற்பது. ஒரு பக்கம் விட்டுப்போனால் மீதி எவ்வளவு முழுசாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. ஆகவே செங்கற்களை எடுத்து, சுமார் 15,000 பழைய கற்களைக் கொண்டு புதிதாகக் கட்டினார்கள். மீதியில் ஒரு பங்கைத் தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட விற்றார்கள். 1984இல் கேவர்ன் வாக்ஸ் என்ற வணிக வளாகத்தின் பகுதியாகத் திறப்பு. 1989இல் மறுபடி மூடல், 1991இல் வேறு கைகளில் மறுபடி திறப்பு, அன்றிலிருந்து ஓடுகிறது.

இப்போது போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: அது பழைய மனையின் பெரும்பகுதி மேல்தான் நிற்கிறது, ஆனால் முழுதாக அதே இடம் இல்லை. தரை பழையதைவிட ஆழம், இறங்க வேண்டிய படிகளும் கூடுதல். பழைய வாசல் இருந்த இடம் தெருவில் சில மீட்டர் தள்ளி அடையாளமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. முன் பக்கத்து வளைவு மேடை பழைய அமைப்பைப் பார்த்துக் கட்டியது, படமெடுக்க எல்லோரும் நிற்பது அங்கேதான். முழு ஒலி அமைப்போடு பெரிய கச்சேரி நடப்பது பின்பக்க அரங்கில். 1999 டிசம்பர் 14 அன்று மெக்கார்ட்னி திரும்பி வந்தபோது வாசித்ததும் அந்தப் பின் அரங்கில்தான். இப்போது உள்ளே மது கிடைக்கும், அவசர வழி உண்டு, கழிப்பறை நகரச் சாக்கடையோடு இணைந்திருக்கிறது.